நிலவுக் கல்லும் நம் ஊர்க் கல்லும்

மாமல்லபுரத்தில் உளியோசை கேட்டு வளர்ந்தவன் நான். என் தந்தையார் சிற்பக் கூடமொன்றில் கூலிக்குக் கல் செதுக்குபவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நானே. 2023 ஆகஸ்டு 23 மாலை, சந்திரயான்-3 நிலவின் தென்முனைக்கு அண்மையில் இறங்கியதைத் தொலைக்காட்சியில் கண்ட அப்பா, "இம்புட்டுச் செலவு பண்ணிப் போனா, அங்க இருக்கிறதும் கல்லுதானேப்பா?" என்றார். அன்று என்னிடம் விடையில்லை. இன்று கூற முயல்கிறேன்.

ஆம், கல்தான். பிரக்யான் ஊர்தி சுமார் நூறு மீட்டர் உருண்டு, 23 இடங்களில் மண்ணின் தனிமங்களை அளந்தது. அம்மண் அனார்த்தோசைட் என்னும் வெளிறிய பாறையின் இனம். நிலவு தொடக்கத்தில் உருகிய பாறைக் கடலாக இருந்தது. கனத்த கனிமங்கள் அமிழ, இலேசானவை மிதந்து மேலோடாயின என்பது அறிஞர் கொள்கை. நடுக்கோட்டை அடுத்த பகுதிகளிலிருந்து அப்பல்லோ வீரர்கள் கொணர்ந்த கற்களால் எழுந்த இக்கொள்கைக்குத் தென்பகுதியிலும் சான்று கிடைத்துவிட்டது.

பூமியில் அத்தகைய தொன்மை அரிது. பல்லாவரத்துப் பாறையைக் கொண்டு பெயர் பெற்ற சார்னோக்கைட்டுக்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். பூமிக்கோ 450 கோடிக்கும் மேல்! முந்திய ஏடுகளைப் பெரும்பாலும் மழையும், காற்றும், நிலத்தட்டுகளின் அசைவும் அழித்துவிட்டன. கடற்கரைக் கோயிற் சிற்பங்களை உப்புக் காற்று அரித்திருப்பதைக் கண்டோர்க்கு இது எளிதில் விளங்கும். காற்றும் மழையும் இல்லாத நிலவு அவ்வேடுகளைக் காத்து வைத்திருக்கிறது.

நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும் அனார்த்தோசைட் உண்டு. அதைப் பொடித்தே நிலவு மண்ணையொத்த மண்ணை உண்டாக்கி இஸ்ரோ சோதனை நடத்தியது.

எனினும் கோளாய்வின் எதிர்காலம் உறுதியானதன்று. 2019இல் சந்திரயான்-2இன் தரையிறங்கி நிலவில் மோதி உடைந்தது. 2014 முதல் செவ்வாயைச் சுற்றிய மங்கள்யானுடன் 2022இல் தொடர்பு அறுந்தது. செவ்வாயில் பெர்சிவரன்ஸ் ஊர்தி சேர்த்த கற்களைக் கொணரும் திட்டம் பெருஞ்செலவு பிடிக்குமென 2024இல் நாசாவே தயங்கியது. அவ்வாண்டு செப்டம்பரில், நிலவுக் கல்லைக் கொணரவிருக்கும் சந்திரயான்-4க்கு நம் மைய அரசு ஒப்புதல் அளித்தது. மதிப்பீடு 2,104 கோடி ரூபாய்.

கூலிக்காரர் மகனான எனக்கு இத்தொகை சிறிதாகத் தோன்றவில்லை. ஆனால் தட்டி ஓசை பாராமல் கல்லில் உளி வைக்கலாகாது என்பது அப்பா கற்பித்த பாடம். நாம் வாழும் பூமியின் இளமையை அறியத் தட்டிப் பார்ப்பதற்கு எஞ்சிய கல் அங்கேதான் இருக்கிறது.

இதை அப்பாவிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்தவர், "அந்தக் கல்லு வந்தா எனக்கும் ஒருதரம் காட்டு" என்றார்.