ஒரே ஒரு பேனல்: அம்புலிமாமா சங்கரிடம் ஒரு பாடம்

சீசன் நேரத்தில் குற்றாலம் போனால் இரண்டில் ஒன்று நடக்கும். அருவியில் கூட்டம் இருக்கும், இல்லைன்னா வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டிருப்பாங்க. போன ஜூலையில் எங்களுக்கு ரெண்டாவது. துண்டும் எண்ணெய் பாக்கெட்டுமா அஞ்சு பேர் சாரலில் நின்னோம். சரி, சும்மா திரும்பிப் போறதுக்குப் பதிலா சித்திர சபையைப் பார்ப்போம்னு கிளம்பினோம்.

நடராஜருக்கு ஐந்து சபைகள் உண்டு. சிதம்பரத்தில் பொன், மதுரையில் வெள்ளி, திருநெல்வேலியில் தாமிரம், திருவாலங்காட்டில் இரத்தினம், குற்றாலத்தில் சித்திரம். இங்கே நடராஜர் சிலையாக இல்லை. சுவரில் ஓவியமாக ஆடுகிறார். சுற்றுச் சுவர்களிலும் புராணக் கதைகள். எங்க கூட வந்த செகண்ட் இயர் தம்பி கொஞ்ச நேரம் முறைச்சுப் பார்த்துட்டு கேட்டான்: "அண்ணே, இது மாங்கா மாதிரி இருக்குல்லா? எந்தப் பக்கமிருந்து வாசிக்கணும்?"

எல்லாரும் சிரிச்சோம். ஆனா கேள்வி சரியான கேள்விதான். படத்தில் கதை சொல்வதை நாம ஜப்பானிடமிருந்து கத்துக்கிட்டதா நினைக்கிறோம். நம்ம பக்கத்திலேயே அறுபது வருஷம் அந்த வேலையைச் செய்த ஒருத்தர் பெயர் எனக்கே அன்னிக்கு ராத்திரிதான் தெரிய வந்தது. ஆச்சி வீட்டு மச்சில் இருந்த பழைய அம்புலிமாமா கட்டைப் பிரித்தேன். பல படங்களின் மூலையில் ஒரே கையெழுத்து: சங்கர்.

யார் இந்த சங்கர்?

முழுப் பெயர் கே. சி. சிவசங்கரன். 1924-இல் காரத்தொழுவு கிராமத்தில் பிறந்தார். இன்றைக்கு அது திருப்பூர் மாவட்டம். சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தார். மெரினாவில் உழைப்பாளர் சிலை பார்த்திருப்பீங்களே, அதைச் செய்த தேவி பிரசாத் ராய் சவுத்ரிதான் அப்போது அங்கே முதல்வர். படிப்பு முடிந்ததும் 1946-இல் 'கலைமகள்' பத்திரிகையில் வேலை.

நாகி ரெட்டியும் சக்ரபாணியும் 1947 ஜூலையில் தெலுங்கில் 'சந்தமாமா', தமிழில் 'அம்புலிமாமா' தொடங்கினார்கள். 1950-களின் தொடக்கத்தில் சங்கர் அங்கே சேர்ந்தார். கிட்டத்தட்ட பத்திரிகை நிற்கும் காலம் வரை அங்கேயே வரைந்தார். 2020 செப்டம்பரில் காலமானார். அடுத்த ஆண்டு பத்மஸ்ரீ அறிவித்தார்கள்.

அவர் சேர்ந்த அதே காலத்தில், 1952-இல், ஜப்பானில் ஒசாமு தெசுகா 'ஆஸ்ட்ரோ பாய்' தொடங்கினார். தெசுகா மருத்துவம் படித்தவர். நம்ம புத்தரின் வாழ்க்கையை 1972 முதல் 1983 வரை மாங்காவாக வரைந்தவரும் அவர்தான். அவரை 'மாங்காவின் கடவுள்' என்று உலகமே சொல்லுது. சங்கரை? நம்ம ஹாஸ்டலில் பத்துப் பேரிடம் கேட்டேன். படம் காட்டினால் "இது தெரியுமே" என்கிறார்கள். பெயர் ஒருத்தருக்கும் தெரியலை.

அந்த ஒரு படம்

எல்லாருக்கும் தெரிந்த படம் விக்கிரமாதித்தன் படம். சுடுகாடு. கையில் உருவிய வாள், தோளில் பிணம், தரையில் மண்டை ஓடு. ராஜா நடந்து வருகிறார்.

இப்போ மாங்காவோடு ஒப்பிட்டுப் பாருங்க. ஒரு குத்து விடுவதைக் காட்ட மாங்காவில் மூணு பேனல் கிடைக்கும்: கண், முஷ்டி, அடி. தேவைப்பட்டால் ரெண்டு பக்கம் முழுக்க விரிக்கலாம். காலத்தை இழுக்கவும் சுருக்கவும் இடம் இருக்கு. சங்கருக்கு அது கிடையாது. கதையை எழுத்து சொல்லும். அந்தப் பக்கத்தில் அவருக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு படம். எந்த நொடியை வரைவது என்பதுதான் அவருடைய முழுப் பிரச்சினை.

விக்கிரமாதித்தன் படத்தில் அவர் என்ன செய்தார்? பிணத்தை மரத்திலிருந்து இறக்கும் நொடியை எடுக்கவில்லை. வேதாளம் மறுபடி பறந்து போவதையும் எடுக்கவில்லை. நடுவில் நடப்பதை எடுத்தார். தோளில் பிணம் இருப்பதால் முன்னே நடந்தது தெரிகிறது. ராஜா வாயைத் திறந்தால் எல்லாம் போச்சு என்பதால் அடுத்து நடக்கப்போவதும் தெரிகிறது. முன்னும் பின்னும் ஒரே பேனலுக்குள் வந்துவிட்டது. மாதாமாதம் கதை மாறும். இந்தக் காட்சி மட்டும் பழசாகாது.

தென்காசி காசி விசுவநாதர் கோயில் தூணில் வீரபத்திரர் நிற்பதைப் பாருங்க. உடம்பை முறுக்கி, அடிக்கு முந்தைய நொடியில் நிற்கிறார். அதே கணக்குதான்.

எனக்கு என்ன கிடைத்தது?

ஒரு விஷயம் சொல்லணும். ஜூனில் நான் வரைவதை விட்டுட்டேன். பிளேஸ்மென்ட் வருது, வீட்டில் எஜுகேஷன் லோன் இருக்கு, "இனிமே இதெல்லாம் எதுக்கு"ன்னு ஸ்கெட்ச் புக்கைப் பெட்டிக்குள் போட்டேன். கலைன்னா எல்லாத்தையும் விட்டுட்டுப் போறது, இல்லைன்னா தொடவே கூடாதுன்னு ஒரு நினைப்பு.

சங்கர் மாதச் சம்பளக்காரர். வேலைக்குப் போனார், அந்த மாத இதழுக்கு வேண்டியதை முடித்தார், அடுத்த மாதக் கதையை எடுத்தார். அறுபது வருஷம். இன்ஸ்பிரேஷன் வரட்டும்னு இதழ் காத்திருக்காது. நம்ம ரெக்கார்ட் சப்மிஷன் மாதிரிதான்! இதைப் படித்தபிறகு என் லோன் குறையலை. பிளேஸ்மென்டுக்கு உட்காரத்தான் போறேன். ஆனா ஞாயிற்றுக்கிழமை ஒரு படம் வரைய லோன் தடை இல்லைன்னு புரிஞ்சது.

உங்களுக்கு ஒரு அசைன்மென்ட்

உங்களுக்குப் பிடித்த மாங்காவில் ஒரு அத்தியாயம் எடுங்க. அதை ஒரே ஒரு படமாக வரையணும். வசனம் கூடாது. சண்டையின் உச்சத்தை எடுக்காமல், அதற்கு முன்னாடி அல்லது பின்னாடி ஒரு நொடியைத் தேடுங்க. படத்தைப் பார்க்கிறவருக்கு முன்னே நடந்ததும் அடுத்து வரப்போவதும் தெரியுதான்னு ஒரு நண்பரிடம் காட்டிக் கேளுங்க. குச்சி மனுஷன் வரைந்தாலும் பரவாயில்லை.

செகண்ட் இயர் தம்பி ஏற்கெனவே ஒண்ணு வரைஞ்சு கொடுத்துட்டான்: தடை போட்ட அருவி, துண்டோடு நிற்கும் அஞ்சு பேர். அவன் படம் அடுத்த இதழில் வரும். மூலையில் அவன் பெயரோடு.