வன்னியா, சீமைக்கருவேலா?
விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் கோயிலின் தலமரம் வன்னி, விநாயகருக்கும் உகந்தது. ஆனால், வழியில் காணும் முள்மரம் வன்னிதானா? சீமைக்கருவேல் அதற்கு நெருங்கிய உறவு. சிற்றிலை, மஞ்சள் பூங்கதிர் என எல்லாமே ஏமாற்றும்!

எனவே முள்ளைப் பாருங்கள். சீமைக்கருவேலில் அது நீளமாக, இலை துளிர்க்கும் கணுவிலேயே, பெரும்பாலும் ஜோடியாக இருக்கும். வன்னி முள் குட்டை. அடி பருத்து, கணுக்களுக்கு இடையே அங்கொன்றும் இங்கொன்றுமாக, ரோஜாக்கொம்பில் இருப்பது போல இருக்கும்.

பூஜைக்கு இலை மாறினால் கணபதி பொறுத்துக்கொள்வார். ஊரில் சீமைக்கருவேலை அழிக்கும்போது, முதிர்ந்த வன்னியும் சேர்ந்து வெட்டுப்பட்டால் மீளாதே! ஆட்கள் வருமுன் முள்ளைக் காட்டிச் சொல்லுங்கள்; அடிமரத்தில் மஞ்சள் துணியும் கட்டிவிடுங்கள்.