ஓவர்கிளாக் செய்த கம்ப்யூட்டர் அடிக்கடி விழுகிறதா? செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

இரவு 11 மணிக்கு, ஏர்கான் போட்ட அறையில், ஒரு மணி நேரம் டெஸ்ட் ஓடி முடிந்தது என்பதற்காக உங்கள் ஓவர்கிளாக் உறுதியானது என்று நம்பிவிடாதீர்கள். மறுநாள் பிற்பகல் 3 மணி, ஏர்கான் இல்லாத வீவக வீட்டு அறை, வெளியே 33 டிகிரி. அங்கே நிற்கிறதா என்பதுதான் கேள்வி. அறை 10 டிகிரி சூடேறினால் ப்ராசஸரும் ஏறக்குறைய அதே அளவு சூடேறும். சூடேறிய ப்ராசஸர் பழைய வேகத்தில் ஓடக் கூடுதல் வோல்டேஜ் கேட்கும். அந்த வோல்டேஜ் இன்னும் சூட்டைக் கிளப்பும். குளிர்நாட்டுக்காரர் யூடியூபில் காட்டும் எண்களை இங்கே சிங்கப்பூரில் அப்படியே போட்டுப் பார்ப்பவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான்.

தேக்காவிலிருந்து சிம் லிம் ஸ்குவேருக்கு நடக்கும் தூரம்தான். ஆனாலும் புது பவர் சப்ளை வாங்க அங்கே கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

செய்ய வேண்டியவை

• முதலில் பயாஸை டீஃபால்ட்டுக்குத் திருப்புங்கள். ரேமின் எக்ஸ்எம்பி, எக்ஸ்போ இரண்டும் ஓவர்கிளாக்தான்; அவற்றையும் அணையுங்கள். மதர்போர்டு தானாகவே ஏற்றிவிடும் "மல்டிகோர் என்ஹான்ஸ்மென்ட்" போன்றவற்றையும் தேடிப் பிடித்து அணையுங்கள். டீஃபால்ட்டிலும் விழுந்தால், கோளாறு நீங்கள் போட்ட எண்களில் இல்லை.

• இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர் என்றால் இன்றே பயாஸை அப்டேட் செய்யுங்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் தங்கள் ஓவர்கிளாக்கையே வீணாகத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சில்லுகள் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு, மெல்ல மெல்லத் தேய்ந்தன. 2024 ஜூலையில் இன்டெல் அதை ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் வந்த 0எக்ஸ்129 மைக்ரோகோட் 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்பதைத் தடுத்தது. செப்டம்பரில் 0எக்ஸ்12பி வந்தது. உத்தரவாதமும் 2 ஆண்டு கூட்டப்பட்டு, பெட்டியில் வந்த சில்லுகளுக்கு 5 ஆண்டு ஆனது. இதில் குழப்பியது என்னவென்றால், அன்ரியல் எஞ்சின் கேம்களில் "வீடியோ மெமரி போதவில்லை" என்ற பிழைதான் திரையில் வந்தது. கிராபிக்ஸ் கார்டைப் பழி சொல்லும் பிழை, கெட்டிருந்ததோ ப்ராசஸர். அப்டேட் இனிமேல் தேயாமல் காக்கும். ஏற்கெனவே தேய்ந்ததைச் சரிசெய்யாது; டீஃபால்ட்டிலேயே விழும் சில்லை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

• ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதைக் காகிதத்தில் எழுதுங்கள். கோர் வேகம், ரேம் வேகம் இரண்டையும் சேர்த்து ஏற்றினால், விழும்போது எது விழுத்தியது என்று யாராலும் சொல்ல முடியாது.

• எப்படி விழுகிறது என்று கவனியுங்கள். "வீயா அன்கரெக்டபிள் எரர்", "கிளாக் வாட்ச்டாக் டைம்அவுட்" என்று நீலத்திரை வந்தால் முதலில் கோர் வோல்டேஜைச் சந்தேகியுங்கள். "மெமரி மேனேஜ்மென்ட்" என்றால் ரேமை. பாரம் ஏறிய நொடியில் நீலத்திரைகூட இல்லாமல் பட்டென்று அணைந்தால் பவர் சப்ளையை. சும்மா இருக்கும்போது மட்டும் விழுந்தால், நீங்கள் வோல்டேஜைக் குறைத்தது அதிகமாகிவிட்டதோ என்று சந்தேகியுங்கள்.

• ஈவென்ட் வியூவரைத் திறந்து "வீயா லாகர்" பதிவுகளைப் பாருங்கள். நீலத்திரை வராத நாளிலும் சரிசெய்யப்பட்ட பிழைகள் அங்கே வரிசையாக நிற்கும். 8 கோர் ரைசனில் அங்கே தெரியும் ஏபிக் ஐடியை 2ஆல் வகுத்தால் எந்தக் கோர் நொண்டுகிறது என்று தெரிந்துவிடும். அந்த ஒன்றை மட்டும் தளர்த்தினால் போதும். "கெர்னல் பவர் 41" மட்டும் இருந்தால், கம்ப்யூட்டர் ஒழுங்காக மூடப்படவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான். காரணம் அதில் இருக்காது.

• டெஸ்டைக் கலந்து ஓட்டுங்கள். சூட்டுக்கு பிரைம்95இன் ஸ்மால் எஃப்எஃப்டி, ரேமுக்கு மெம்டெஸ்ட்86, ரைசனில் கர்வ் ஆப்டிமைசர் போட்டிருந்தால் கோர்சைக்கிளர். எல்லாக் கோரும் ஓடும்போது தாங்குவது, ஒரே கோர் உச்ச வேகத்தில் ஓடும்போது தாங்காமல் போகும்.

• டெஸ்ட் ஓடும்போது வேகத்தையும் பாருங்கள், சூட்டை மட்டும் அல்ல. 100 டிகிரியைத் தொட்டதும் இன்டெல் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பெரும்பாலான ரைசன் 7000 சில்லுகள் 95இல். அப்போது நீங்கள் பாஸ் செய்தது வேறு ஒரு குறைந்த வேகத்தை. எச்டபிள்யூஇன்ஃபோவில் "எஃபெக்டிவ் கிளாக்" என்ற வரிதான் உண்மையைச் சொல்லும்.

• ஏர்கானை அணைத்து, பிற்பகலில் ஒரு முறை சோதியுங்கள். 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானது. அப்படி ஒரு நாளும் வரும் என்று வைத்து 100 மெகாஹெர்ட்ஸ் விட்டுக்கொடுங்கள். கேமில் உங்களுக்கு வித்தியாசமே தெரியாது.

• சீமாஸ் அழிக்கும் ஜம்பர் எங்கே இருக்கிறது என்று இப்போதே மதர்போர்டு புத்தகத்தில் பாருங்கள். திரை கறுத்த பிறகு டார்ச்சோடு தேட வேண்டியிருக்காது.

• முக்கியமான கோப்புகளை வேறு டிஸ்கில் நகலெடுங்கள். உறுதியில்லாத ரேம் தவறான எண்ணைச் சத்தமில்லாமல் டிஸ்கில் எழுதும்.

செய்யக்கூடாதவை

• விழுந்த ஒவ்வொரு முறையும் வோல்டேஜை ஏற்றாதீர்கள். மின்செலவு வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும்: 1.25இலிருந்து 1.35 வோல்ட் என்பது பார்க்கச் சிறியது, ஆனால் அதே வேகத்தில் கிட்டத்தட்ட 17 சதவீதம் கூடுதல் சூடு. வேகத்தை ஒரு படி இறக்குங்கள்.

• லோட்லைன் கேலிப்ரேஷனை உச்சத்தில் வைக்காதீர்கள். பாரம் சட்டென்று இறங்கும் கணத்தில் வோல்டேஜ் மேலே துள்ளும். மானிட்டர் மென்பொருள் அந்தத் துள்ளலைப் பிடிக்கவே பிடிக்காது.

• எக்ஸ்போவை ஒன்றும் செய்யாத சுவிட்ச் என்று நினைக்காதீர்கள். 2023 ஏப்ரலில் ரைசன் 7000 எக்ஸ்3டி சில்லுகள் சில மதர்போர்டுகளில் கருகின. காரணம் அளவுக்கு மீறிய எஸ்ஓசி வோல்டேஜ். ஏஎம்டி அதன் பிறகு 1.3 வோல்ட் உச்சவரம்பு வைத்தது. ஏஎம்5 போர்டில் இன்னும் அந்த வரம்பு இல்லாத பழைய பயாஸ் இருந்தால், எதையும் தொடும் முன் மாற்றுங்கள்.

• ஓவர்கிளாக்கோடு பயாஸ் அப்டேட்டோ விண்டோஸ் இன்ஸ்டாலோ செய்யாதீர்கள். பாதியில் விழுந்தால் போர்டே போகும், அல்லது கெட்ட விண்டோஸை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் ப்ராசஸரைக் குறை சொல்வீர்கள்.

• சினிபெஞ்ச் ஒரு சுற்று முடிந்ததும் "ஸ்டேபிள்" என்று ஸ்கிரீன்ஷாட் போடாதீர்கள். அது மதிப்பெண் எடுக்க. தாங்குமா என்று பார்க்க அல்ல.

• ஐஸ், சில்லர் என்று அறை வெப்பத்துக்குக் கீழே குளிரூட்டாதீர்கள். இங்கே காற்றில் உள்ள ஈரம் 24 டிகிரி வாக்கிலேயே தண்ணீராகப் படியும். ஏர்கான் அறையில் தப்பித்தாலும், யாரோ கதவைத் திறந்து வைத்தால் சாக்கெட்டைச் சுற்றி நீர் முத்து முத்தாகத் திரளும்.

• சூடு எல்லை மீறினால் அணைக்கும் பாதுகாப்பை நிறுத்தாதீர்கள். அதற்கு நியாயமான காரணம் எதையும் நான் கேட்டதில்லை.

• வாங்கிய ரசீதைத் தூக்கி எறியாதீர்கள். சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள லெமன் சட்டப்படி, 6 மாதத்துக்குள் தெரியும் குறை பொதுவாக வாங்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். நீங்களே வோல்டேஜ் ஏற்றிக் கெடுத்ததற்கு அது உதவாது; ஓவர்கிளாக்கால் வந்த சேதத்தை ஏஎம்டி உத்தரவாதமும் ஏற்காது. கடைக்காரர் மறுத்தால் பயனீட்டாளர் சங்கத்திடம் போங்கள், ஆனால் நடந்ததை மறைக்காமல்.

• தேய்ந்த சில்லைக் கரோசலில் "டெஸ்ட் பண்ணியது, கண்டிஷன் நல்லது" என்று விற்காதீர்கள். வாங்குவதாக இருந்தால், பழைய 13900கே, 14900கே சில்லுகளுக்குப் பணம் தரும் முன் உத்தரவாதம் எத்தனை மாதம் மிச்சம் என்று கேளுங்கள். கையில் வந்ததும் டீஃபால்ட்டில் ஒரு பிற்பகல் முழுக்க ஓட்டிப் பாருங்கள்.