வீட்டு வாசல் சிமெண்ட் தளம்: மேல போடலாமா, உடைச்சுப் போடலாமா?

இன்னைக்கு மியூச்சுவல் ஃபண்டும் இல்ல, வருமான வரியும் இல்ல. கேட்டுக்கும் நிலைப்படிக்கும் நடுவுல நீங்க பைக் நிறுத்துற சிமெண்ட் தளத்தைப் பத்திதான் பேசப்போறோம். சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனா சம்பளம் வாங்க ஆரம்பிச்ச புதுசுல, கஷ்டப்பட்டு சேர்த்த அவசர நிதியைச் சத்தமில்லாம காலி பண்றது இந்த மாதிரி வீட்டு ரிப்பேர்தான்.

ஒரு உதாரணம் எடுத்துப்போம். எண்ணூர் நெட்டுக்குப்பத்துல அப்பா கட்டின வீடு. உங்களுக்கு மணலி பக்கம் ஒரு கம்பெனியில வேலை, கைக்கு 28,000 வருது. வங்கியில அவசர நிதி 60,000 இருக்கு. வாசல் தளம் 250 சதுர அடி, அங்கங்க விரிசல், ஒரு மூலை இறங்கியிருக்கு. ஒரு மேஸ்திரி வந்து, "தம்பி, மேல ஒரு கோட்டு போட்டா போதும், 20,000-ல முடிச்சிடலாம்"ங்கிறார். இன்னொருத்தர், "மொத்தமா உடைச்சிட்டுப் போடணும், 50,000 ஆகும்"ங்கிறார். (இந்த ரேட் எல்லாம் கணக்குப் புரியறதுக்காக நான் வெச்சது. உங்க தெருவுல விசாரிச்சு உங்க நம்பரைப் போட்டுக்கோங்க.) அப்பா முதல் ஆள் பக்கம். நீங்க?

மொத்தத் தொகையைப் பார்த்தா 20,000 மலிவு. வருஷக் கணக்குக்கு மாத்திப் பாருங்க. அடித்தளம் கெட்டியா இருந்து, மேல போட்டது 8 வருஷம் தாங்கினா, வருஷத்துக்கு 2,500 ரூபாய். உடைச்சுப் போட்டது 15 வருஷம் தாங்கினா, வருஷத்துக்கு 3,300 சொச்சம். அப்போ மேல போடுறதுதான் லாபம், அப்பா சொன்னது சரி. ஆனா அடியில மண்ணு இறங்கியிருந்தா அதே 20,000 ரூபாய் தளம் ரெண்டு வருஷத்துல மறுபடி பிளக்கும். வருஷத்துக்கு 10,000! அதுக்கப்புறம் எப்படியும் 50,000 செலவு இருக்கு. பழைய தளத்தோட சேர்த்து நீங்க புதுசா போட்டதையும் உடைக்கணும், அந்தக் கூலி தனி.

ஆக, எந்த மேஸ்திரி சொல்றது மலிவுங்கிறதைத் தீர்மானிக்கிறது தளத்துக்கு அடியில இருக்கிற மண்ணு. கோட்டேஷன் பேப்பர்ல அது தெரியாது.

நெடுஞ்சாலைத் துறை எஞ்சினியர்களும் இதே கேள்வியைத்தான் கேட்கிறாங்க. தார் ரோட்டுல முதலைத் தோல் மாதிரி பின்னிப் பின்னி விரிசல் விழுந்தா, பிரச்சினை பெரும்பாலும் மேல் தார்ல இல்ல, அடியிலதான். அது மேல புதுசா தார் ஊத்தினா பழைய விரிசல் அப்படியே மேல ஏறி வரும். அதனாலதான் பென்கெல்மேன் பீம்னு ஒரு கருவி வெச்சிருக்காங்க. லோடு ஏத்தின லாரியோட சக்கரம் நிக்கிற இடத்துல ரோடு எத்தனை மில்லிமீட்டர் அமுங்குதுன்னு அளந்து, மேல எவ்வளவு கனம் போடணும்னு முடிவு பண்ணுவாங்க. இந்திய சாலைக் காங்கிரஸ் இதுக்குன்னே வழிகாட்டி விதி வெச்சிருக்கு.

உங்க வாசலுக்கு லாரி வேண்டாம், ஒரு சுத்தியல் போதும். அடிக்கு ஒரு தடவை தட்டிக்கிட்டே போங்க. கெட்டியான இடத்துல 'டங்'னு வரும். அடியில காலியா இருக்கிற இடத்துல பானையைத் தட்டின மாதிரி வரும். அந்த இடத்தையெல்லாம் சாக்பீஸால வட்டம் போடுங்க. அடுத்து விரிசலைப் பாருங்க. முடி மாதிரி மெல்லிசா, ரெண்டு பக்கமும் ஒரே மட்டத்துல இருந்தா பயமில்ல. ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கியிருந்தாலோ, பைக் ஏறும்போது துண்டு ஆடினாலோ, அங்க அடித்தளம் போயிடுச்சு. உள்ள கம்பி போட்டிருந்து, விரிசல் ஓரமா பழுப்புக் கறை தெரிஞ்சா, கம்பி துருப்பிடிச்சு உப்பி கான்கிரீட்டைப் பிளக்குதுன்னு அர்த்தம். அது மேல எந்தக் கோட்டும் நிக்காது.

நெட்டுக்குப்பம் மாதிரி இடத்துல இந்தச் சோதனை ரொம்ப முக்கியம். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கொசஸ்தலை ஆறு கடல்ல சேர்ற முகத்துவாரம். மணல் தரை. வெள்ளம் வந்து வடியும்போது தளத்துக்கு அடியில இருக்கிற மணலையும் இழுத்துக்கிட்டுப் போகும். மேல பார்த்தா தளம் நல்லா இருக்கும், கீழ காலி. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெயும் கலந்து எண்ணூர் கழிமுகத்துல பரவினது ஞாபகம் இருக்கும். அந்தத் தண்ணி ஏறின தளமா இருந்தா இன்னொரு சிக்கல்: எண்ணெய் குடிச்ச கான்கிரீட்ல புது கான்கிரீட் ஒட்டாது. மேல்பரப்பைச் செதுக்கி எடுக்காம போட்டா அப்பளம் மாதிரி பெயர்ந்து வரும்.

வட்டம் போட்ட இடமெல்லாம் ஒரே மூலையில இருந்தா, மூணாவது வழி ஒண்ணு இருக்கு. அந்த மூலையை மட்டும் கட்டிங் மெஷின்ல அறுத்து எடுத்து, மண்ணை இறுக்கி, அங்க மட்டும் புதுசா போடலாம். சின்ன வேலைங்கிறதால பல பேர் இதைத் தானா சொல்ல மாட்டாங்க, நீங்கதான் கேட்கணும். நம்ம 28,000 சம்பளக்காரருக்கு நான் முதல்ல பார்க்கச் சொல்றது இதைத்தான். தளம் முழுக்க வட்டமா இருந்தா உடைக்கிறதைத் தவிர வேற வழியில்ல. அப்போ பேவர் பிளாக்கையும் ஒரு தடவை விசாரிங்க. மணல் இறங்கினா கல்லை எடுத்துட்டு, மட்டம் பண்ணி, அதே கல்லைத் திரும்பப் போடலாம். கார் ஏறும்னா 60 மில்லிமீட்டர் கனம் கேளுங்க, ஓரக்கட்டு கட்டாயம்.

மட்டத்தையும் மறந்துடாதீங்க. சென்னையில பழைய ரோட்டைச் சுரண்டாம மேல மேல தார் போட்டு, வீடெல்லாம் பள்ளத்துக்குப் போன கதை தெரியும். 2021 மே மாசம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய தாரைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் புதுசு போடணும், ரோடு மட்டம் ஏறக்கூடாதுன்னு உத்தரவு போட்டார். அதே தப்பை நம்ம வாசல்லயே நாம பண்ணக்கூடாது. மேல 2 இன்ச் ஏத்தினா கேட் திறக்குமா? மழைத்தண்ணி தெருவுக்குப் போகுமா, வீட்டுக்குள்ள வருமா? வாட்டம் எந்தப் பக்கம்னு வேலைக்கு முன்னாடியே மேஸ்திரிகிட்ட தண்ணி ஊத்திக் காட்டச் சொல்லுங்க.

இப்போ பணம். உடைச்சுத்தான் போடணும்னு முடிவானாலும், இன்னைக்கே போடணும்னு இல்ல. வாசல் தளம் கூரை இல்ல, தலையில விழாது. ஆடுற துண்டை மட்டும் சிமெண்ட் கலவை வெச்சு நிறுத்திட்டு, மாசம் 2,000 ஆர்.டி. போடுங்க. 6.5 சதவீத வட்டியில 24 மாசத்துல 51,000 தாண்டும். அதுக்குப் பதிலா 14 சதவீதத்துல 50,000 பர்சனல் லோன் எடுத்தா, 24 மாசத்துக்கு இ.எம்.ஐ. சுமார் 2,400, வட்டி மட்டும் 7,600. பிராசசிங் கட்டணம் தனி. அவசர நிதியை எடுக்கலாமான்னு கேட்டா, என் பதில் கூடாதுங்கிறதுதான். விரிசல் விட்ட வாசல் அவசரம் கிடையாது. அம்மாவோ அப்பாவோ ஆஸ்பத்திரிக்குப் போற நாள்தான் அவசரம். ஒரே விதிவிலக்கு: வயசானவங்க தடுக்கி விழற மாதிரி மேடு பள்ளமா இருந்தா அந்தப் பகுதியை உடனே சரி பண்ணிடுங்க.

கோட்டேஷன் வாங்கும்போது "மொத்தம் இவ்வளவு"ன்னு வாங்காதீங்க. தளம் எத்தனை இன்ச் கனம், கான்கிரீட் என்ன கிரேடு, மண்ணை இறுக்க மெஷின் வருமா, ரப்பிஷ் யார் எடுப்பாங்கன்னு தனித்தனியா எழுதி வாங்குங்க. 250 சதுர அடியில 4 இன்ச் தளத்தை உடைச்சா கிட்டத்தட்ட ஒண்ணேகால் யூனிட் ரப்பிஷ் வரும், அதுக்கு வண்டி வாடகை இருக்கு. கடலோரத்துல கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு எம்30-க்குக் குறையாம இருக்கணும்னு ஐ.எஸ். 456 சொல்லுது. கம்பி இல்லாத வாசல் தளத்துக்கு எம்20 போதும். கடற்கரை மணலை மட்டும் கலக்க விடாதீங்க, உப்பு.

ஐப்பசி, கார்த்திகை மழையில இந்த வேலையை வெச்சுக்காதீங்க. பொங்கல் முடிஞ்சு ஆரம்பிச்சா சரியா இருக்கும். போட்ட பிறகு குறைஞ்சது 10 நாள் தண்ணி கட்டணும், வண்டி ஏத்தக்கூடாது. அந்த நாட்கள்ல பைக்கை எங்க நிறுத்தறதுன்னு பக்கத்து வீட்டு அண்ணன்கிட்ட இப்பவே கேட்டு வெச்சுக்கோங்க.