இளவெயினி என்று ஏன் வைத்தோம்

பெண் குழந்தைக்கு யாரும் வைக்காத பெயரை வைக்க வேண்டும் என்று தேடுகிறவர்கள் எல்லோரும் ஒரே பட்டியலைத்தான் பார்க்கிறார்கள். அதனால்தான் இன்றைக்கு எந்த மழலையர் வகுப்பிலும் இரண்டு யாழினி, இரண்டு நிலா இருக்கிறார்கள். ஆசிரியை இனிஷியலைச் சேர்த்துக் கூப்பிட வேண்டியிருக்கிறது. அழகான பெயர்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் தனித்து நிற்க வேண்டும் என்று வைத்த பெயர் கூட்டத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது.

எங்கள் மகள் பிறந்தபோது நாங்களும் பெயர்ப் புத்தகங்களை வாங்கிப் புரட்டினோம். அவற்றில் பெயரை விட ‘பொருள்’ என்ற கட்டம்தான் ஆபத்து. எந்தப் பெயரை எடுத்தாலும் ‘அழகானவள்’, ‘அறிவானவள்’, ‘லட்சுமியின் அருள் பெற்றவள்’ என்று போட்டுவிடுகிறார்கள். காதுக்கு இனிமையாக இருக்கட்டும் என்று ‘ஷிகா’, ‘விகா’ சேர்த்து நேற்று உருவாக்கிய பெயருக்கும் ஒரு பொருள் எழுதியிருக்கிறார்கள். பெயருக்கு அகராதியில் இடமிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அது ஓசை மட்டும்தான். ஓசைக்காகவே வைப்பதும் தவறில்லை, ஆனால் தெரிந்து வையுங்கள்.

அடுத்து நட்சத்திர எழுத்து. மகள் திருவாதிரை, மூன்றாம் பாதம். பஞ்சாங்கத்தில் திருவாதிரைக்கு கு, க, ங, ச என்று போட்டிருக்கும். மூன்றாம் பாதத்துக்கு ‘ங’. ‘ங’வில் தொடங்கும் பெயருக்கு எங்கே போவது? இந்த எழுத்துகள் வடமொழி ஒலிகளை வைத்து வகுத்தவை. தமிழில் ஒரே ‘க’தான் நாலு ககரத்துக்கும் நிற்கிறது என்பதால், தமிழ்ப் பஞ்சாங்கத்தில் பார்க்கும் ‘க’ எந்தக் ‘க’ என்பதே பலருக்குத் தெரியாது. ஜோசியரிடம் கேட்டபோது, “அதுக்கென்னம்மா, கு-வுல வச்சுக்குங்க” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார். அவரே இவ்வளவு இளக்கம் காட்டும்போது நாம் ஏன் எழுத்துக்குள் அடைபட வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

அதற்குப் பிறகு பொருளைத் தேடுவதை விட்டுவிட்டு, அந்தப் பெயரோடு வாழ்ந்தவர்களைத் தேட ஆரம்பித்தேன். தேடல் சுவாரசியமானது அப்போதுதான்.

மணிமேகலையை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் ‘மணிகள் கோத்த இடையணி’ என்று இருக்கும். சிலப்பதிகாரத்தில் அந்தப் பெயர் வந்த கதையே வேறு. மாதவி பெற்ற பெண்ணுக்குப் பெயர் வைக்கும் நாளில் கோவலன் தன் முன்னோர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறான். கப்பல் உடைந்து கடலில் தத்தளித்தவரைக் காப்பாற்றியது மணிமேகலா தெய்வம். அந்தக் குலதெய்வத்தின் பெயரை வையுங்கள் என்கிறான். பௌத்த ஜாதகக் கதையிலும் இதே தெய்வம் மகாஜனகனைக் கடலிலிருந்து மீட்கிறது. தாய்லாந்தில் மேக்கலா என்ற வடிவில் இந்தத் தெய்வம் இன்றும் தெரிந்த பெயர். மேற்குப் பசிபிக் புயல்களுக்கு அந்த நாடு கொடுத்த பெயர்களில் ஒன்று அது. நம் பாட்டிகளில் எத்தனையோ மணிமேகலைகள் இருந்தார்கள். பழைய பெயர் என்று நாம் ஒதுக்கிவிட்ட ஒன்று வங்கக் கடலைத் தாண்டிப் போய்ப் புயலுக்குப் பெயராக இருக்கிறது.

கோதை இன்னொரு வியப்பு. மாலை என்று பொருள், ஆண்டாளின் பெயர், ஆகவே பெண் பெயர் என்றுதான் நினைத்திருந்தேன். சங்க காலத்தில் அது சேர மன்னர்களுக்குரிய பெயர். கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை புறநானூற்றில் வருகிற ஓர் அரசன்.

ஒரு பெயர் கல்லிலிருந்து வந்ததா, கதையிலிருந்து வந்ததா என்றும் பாருங்கள். பூங்குழலி கல்கியின் கற்பனை. குந்தவையோ தம்பி ராஜராஜன் கட்டிய தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் தன் கொடைகளோடு இருக்கிறாள். நாவல் பாத்திரத்தின் பெயர் தாழ்ந்தது என்று சொல்ல வரவில்லை. குழந்தை வளர்ந்து ‘இது யார் பேரு?’ என்று கேட்கும்போது சரியான பதில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். செம்பியன் மாதேவி போன்றவை பெயரே அல்ல, சோழன் தேவி என்ற பட்டம் என்பதும் தெரிந்திருப்பது நல்லது.

எனக்கு மிகவும் பயன்பட்டது சங்கப் பெண் புலவர்களின் வரிசை. வெள்ளிவீதி, ஆதிமந்தி, நச்செள்ளை, நக்கண்ணை, நப்பசலை. முன்னால் நிற்கும் ‘ந’ சிறப்புக்காகச் சேர்த்தது. நக்கீரனுக்கும் நப்பின்னைக்கும் முன்னால் நிற்பதும் அதுவே. புறநானூற்றை உ.வே.சா. 1894-இல் அச்சில் கொண்டுவரும்வரை இவர்களில் பலர் ஏட்டுச்சுவடிக்குள் இருந்தார்கள். அதனால் இந்தப் பெயர்கள் வழக்கில் தேய்ந்து போகவில்லை. இன்னும் யாரும் அதிகம் தொடவில்லை.

அந்த வரிசையில்தான் இளவெயினி கிடைத்தாள். எயினர் என்போர் வேட்டையாடி வாழ்ந்தவர்கள், எயினி அவர்கள் குலத்துப் பெண். குறமகள் இளவெயினி என்பவள் ஏறைக்கோன் என்ற குறவர் தலைவனைப் பாடியிருக்கிறாள். தன்னவர்கள் தப்பு செய்தால் பொறுத்துக்கொள்வான், பிறருடைய இல்லாமையைக் கண்டால் தான் கூசுவான் என்று அவன் குணத்தைச் சொல்கிறாள். தன் தலைவனை இப்படி எடை போட்டுச் சொன்ன ஒரு மலைமகளின் பெயர் என் மகளுக்கு இருக்கட்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

வீட்டில் அது அவ்வளவு எளிதாக நடக்கவில்லை. “காட்டுல வேட்டையாடினவங்க பேரா? லட்சுமி, சரஸ்வதின்னு வாயில நுழையற மாதிரி ஒண்ணு கிடைக்கலையா உனக்கு?” என்று பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பழைய பெயர் வேண்டும் என்பார்கள். அந்தப் பழமை அரண்மனையிலிருந்தோ கோயிலிலிருந்தோ வந்தால்தான் ஏற்பார்கள். இதே பெயரில் பேய்மகள் இளவெயினி என்று இன்னொரு புலவரும் உண்டு. அதை நான் பெரியம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

மாமியாருக்கு வேறு கவலை. பேத்திக்குத் தன் பெயரை வைப்பார்கள் என்று எதிர்பார்த்திருந்தார். பாட்டி பெயரை வைக்கும் பழக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. மாமியார் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்பதால் அந்தக் காலத்தில் பிள்ளையைப் பாப்பா, அம்மணி, அம்மாளு என்றே கூப்பிட்டுவிடுவார்கள். வைத்த பெயர் பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் மட்டும் இருக்கும். “அத்தை, உங்க பேரை வச்சுட்டு நான் அவளைத் திட்டறதா?” என்று கேட்டேன், சிரித்துவிட்டார். கடைசியில் தொட்டிலில் போட்ட அன்று அத்தைமுறைக்காரர் குழந்தையின் காதில் மூன்று முறை சொன்னது ‘குந்தவை’. ‘கு’வும் ஆயிற்று, பெரியவர்கள் மனமும் நிறைந்தது. பதிவில் இளவெயினி.

வீட்டில் சண்டை வந்தால் காதில் சொல்ல ஒன்று, கூப்பிட ஒன்று என்று வைப்பது நம்மிடம் எப்போதும் இருந்த வழிதான். தயங்காதீர்கள். ஆனால் சான்றிதழில் ஒன்றே இருக்கட்டும்.

முடிவு செய்வதற்கு முன் பெயரை வாசலில் நின்று உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள். சுருக்கினால் என்ன ஆகும் என்று பாருங்கள்; எங்கள் வீட்டில் ‘எயினி’ ஆனது, நல்லவேளை. பிறகு ஆங்கில எழுத்து. ‘ழ’ இருக்கும் பெயருக்கு இங்கே இசட், எச் போடுகிறோம், யாழ்ப்பாணத்தில் எல் போடுகிறார்கள். வெளிமாநிலத்தார் இசட்டைப் பார்த்தால் ‘ஜ’ என்பார்கள். ழகரத்துக்காகப் பெயரைக் கைவிடச் சொல்ல மாட்டேன். எண் கணிதத்துக்காக நடுவில் இன்னொரு எழுத்தைச் செருகுவதை மட்டும் செய்யாதீர்கள். ஆதார், பள்ளி, பாஸ்போர்ட் ஒவ்வொன்றிலும் அந்த ஒற்றை எழுத்துக்காக அலைய வேண்டிவரும்.

அவசரமும் வேண்டாம். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம், பெயரை அல்ல. பெயர் இல்லாமல் பதிந்துவிட்டு, 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையிலிருந்து பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். ஆகவே சான்றிதழ் கைக்கு வந்த அன்றே தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்துவிடுங்கள்.