பழைய பக்கெட் லாரி: புதுப்பிப்பதா, மாற்றுவதா?

அமெரிக்க மின் நிறுவனங்களில் கம்பப் பணியாளரை உயரத்துக்குத் தூக்கிச்செல்லும் பக்கெட் லாரி பழையதாகும்போது, லாரியையும் அதன்மேல் பொருத்தப்பட்ட தூக்குகையையும் தனித்தனியே மதிப்பிடுவது முறையாகும். ஏனெனில் சேஸிஸ் எனப்படும் அடிச்சட்டம் துருவேறித் தளர்ந்த பின்னரும் தூக்குகை உறுதியாக இருப்பதுண்டு, அந்நிலையில் அதனைக் கழற்றிப் புதிய அடிச்சட்டத்தில் பொருத்துவது சிக்கனமான வழி. ஓடிய மைல் கணக்கு மட்டும் ஏமாற்றக்கூடும். லாரி நின்றபடியே எஞ்சினை இயக்கித் தூக்குகைக்கு விசையளிப்பது வழக்கமாதலால், எஞ்சின் இயங்கிய மணிக்கணக்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் தேய்மானம் விளங்கும்.

ஹைட்ராலிக் குழாய், சீல், புஷ் முதலியவை எளிதில் மாற்றத்தக்கவை. மின்காப்பளிக்கும் ஃபைபர்கிளாஸ் பகுதியின் நிலை வேறு: உயர் மின்னழுத்தம் செலுத்திக் கசியும் மின்னோட்டத்தை அளக்கும் மின்காப்புச் சோதனையில், துடைத்துத் தூய்மைப்படுத்திய பின்னும் அது தவறுமாயின், உள்ளூர்ப் பட்டறையில் ஒட்டுப்போட முயலலாகாது. உற்பத்தியாளரிடம் மாற்றுப்பகுதியும் கிடைக்காதெனில், சேமிப்புக் கணக்குக்கே அங்கு இடமில்லை; புதியது வாங்குவதே தக்கது.

தூக்குகையைப் புதிய அடிச்சட்டத்தில் பொருத்தியபின், ஏ92.2 என்னும் அமெரிக்கத் தரவிதிப்படி, சமதளத்தில் அனுமதிக்கப்பட்ட சுமையின் 1.5 மடங்கும், 5 பாகைச் சரிவில் 1.33 மடங்கும் ஏற்றி, வண்டி கவிழாது நிற்பதை உறுதிசெய்தல் வேண்டும்.