போகிமான் கோ: அணியைத் தேர்வு செய்வது எப்படி?

2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது நினைவிருக்கும். ஓபன் பிரிவில் தரவரிசையில் முதலில் நின்ற அமெரிக்கா ஐந்தாமிடமே பெற்றது. 14ஆவதாக இருந்த உஸ்பெகிஸ்தான் தங்கம் வென்றது. போகிமான் கோ மொபைல் கேமிலும் அப்படித்தான். சி.பி. எண் பெரிதாக இருந்தால் மட்டும் வெற்றி கிடைக்காது. எதிரியின் வகையையும் பார்க்க வேண்டும்.

ஜிம்மில் கியாரடோஸ் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது நீர், பறத்தல் என இரு வகைகளைச் சேர்ந்தது. 100 புள்ளி பலமுள்ள தாக்குதல் அதனிடம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள்.

1. மின்சாரம்: நீரிடம் 1.6 மடங்கு, பறத்தலிடமும் 1.6 மடங்கு. மொத்தம் 256.
2. புல்: நீரிடம் 1.6, பறத்தலிடம் 0.625. பெருக்கினால் அதே 100தான்.
3. நெருப்பு: நீரிடம் 0.625. எனவே 62.5 மட்டுமே.

ஆகவே இங்கே சி.பி. சற்றுக் குறைந்தாலும் சாரிசார்டை விட ஜோல்டியானே நல்லது. அதன் இரு தாக்குதல்களும் மின்சார வகையா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். தன் வகைத் தாக்குதலுக்கு 1.2 மடங்கு கூடுதல் பலம் உண்டு.

ஜிம் போட்டிக்கு ஆறு போகிமான்களைத் தேர்வு செய்யலாம். ஆறையும் ஒரே வகையாக நிரப்பாதீர்கள். கியாரடோஸுக்கு அடுத்து நிற்பது வேறு வகையாக இருக்கலாம்.

பவர் அப் செய்யுமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். செலவழித்த ஸ்டார்டஸ்ட் திரும்பக் கிடைக்காது.